இடது கதவில் பச்சை

காவிரிப் பாலத்து நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்து, தொண்டை கிழியச் சொல்லு என்றாலும் சொல்வேன்: இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய் என்று ஆனால் இந்த நாக்கு இப்படியே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், என் பெண்டாட்டி செண்பகவல்லி வைக்கிற வற்றல்குழம்பு இனி எனக்கு மண்ணாய் ருசிக்கட்டும். சிரிக்காதீர்கள். மாசிலாமணி சத்தியம் செய்ய ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார், பொழுது போகும் என்று உறையூரில் எங்கள் தெருவே சொல்லும், எனக்குத் தெரியும். கொள்ளிடக் கரையில் குறுக்கே படுத்த முதலைக்கு ஹாரன் அடித்து வழி வாங்கினேன் என்று சொன்னது நான்தான். கரண்டு போன பிறகும் மூன்று நாள் நிற்காமல் சுற்றிய ஃபேனைப் புதுக்கோட்டையில் ஒரு செட்டியார் கடைக்கு விற்றேன் என்றதும் நான்தான். மின்விசிறிக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவன் வேறு எப்படிப் பேசுவான்? அதெல்லாம் வேறு. பச்சை வேன் வேறு. சிக்னலில் காரை நிறுத்தியிருந்தேன். இடது பக்கத்து இடுக்கில் ஒரு பச்சை வேன் நுழைந்தது, முன்கதவைத் தேய்த்தது, பக்கக் கண்ணாடியைப் பிடுங்கியது, இடது திருப்பத்தில் போயே போய்விட்டது. இவ்வளவுதான். வாலும் இல்லை, கொம்பும் இல்லை. அதனால்தானோ என்னவோ ஒருத்தரும் நம்பவில்லை.

வயலூர் சாலையில் அன்சாரி பாயின் கார் ரிப்பேர் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இன்சூரன்ஸ் சர்வேயர் வருவார் என்று காலையிலேயே வரச் சொன்னார்கள். எனக்குப் போட்ட நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, அசைந்தால் டக் என்கிறது, அசையாமல் இருக்கிறேன். எதிரே என் கார். சாம்பல் நிறம், வலது பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. நான் வேண்டுமென்றே வலது பக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே யாரோ எதையோ தட்டி நிமிர்த்துகிறார்கள், சத்தம் வருகிறது, ஆனால் காதுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. பட்டி தேய்க்கிற தூசி, தின்னர் வாடை, அதுவும் அப்படித்தான், மூக்கு வரைக்கும் வருகிறது, உள்ளே போவதில்லை. டீ வந்தது, குடித்தேன், குடித்த பிறகு சர்க்கரை போட்டிருந்தார்களா என்று யோசித்தால் தெரியவில்லை. டம்ளர் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. வேன் இடித்த அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. அழுகை இல்லை, கோபம் இல்லை, பயமென்று ஒன்று வந்தால்கூடப் பரவாயில்லை, யாரோ பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததை அவன் சொல்லிக் கேட்கிற மாதிரி கிடக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் இருக்கிறதே, கிள்ளினால் யாருடைய கன்னத்தையோ கிள்ளுகிற மாதிரி, அந்தக் கன்னம் இப்போது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும்.

தப்பு என் பேரில்தான், முதல் நாளே ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். பால்காரன் கேட்டான், அவனிடம் கல்யாண வேன் என்றேன், மாப்பிள்ளை மாலையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து ஸாரி சொன்னான் என்றேன். மாப்பிள்ளை இல்லாமல் பச்சை வேன் ரொம்ப மொட்டையாக இருந்தது, என்ன செய்ய. மாடி வீட்டுக்காரர் கேட்டார், டிரைவர் இறங்கி வந்து என் காலைப் பிடித்து அழுதான், நான்தான் மன்னித்து அனுப்பினேன் என்றேன். இரண்டும் செண்பகவல்லி காதில் விழுந்து, அவள் அதை அப்படியே ஓசூருக்கு போன் போட்டு மகளிடம் ஒப்பித்துவிட்டாள். பூங்கோதை காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள், ஒன்றும் ஒன்றும் சேராவிட்டால் விடமாட்டாள். "அப்பா, மாப்பிள்ளை ஸாரி சொன்னானா, டிரைவர் காலைப் பிடிச்சானா?" "ரெண்டும் இல்லம்மா. நிக்காமப் போயிட்டான்." "அப்போ வேனாவது இருந்துச்சா?" "இருந்துச்சு. பச்சை." "நீங்களே எங்கேயாவது கம்பத்துல தேச்சிட்டு வந்திருக்கீங்க. அப்பா, கோபப்படாதீங்க, உங்களுக்கு இப்பல்லாம் அடிக்கடி கவனம் போயிடுது. போன தடவை நான் வந்தப்போ நம்ம தெருவையே தாண்டி ஓட்டிட்டுப் போனீங்க." "பேசிட்டே போனேன், தாண்டிடுச்சு." "நான் சண்டை போடல. சர்வேயர் வரட்டும். வேறே வண்டி இடிச்சதுன்னு அவர் எழுதினா சாவி உங்ககிட்டேயே இருக்கட்டும். நீங்களா இடிச்சதுன்னா ஞாயித்துக்கிழமை வந்து சாவியை வாங்கிட்டுப் போயிடுவேன். சரியா?" சரி என்றேன். எவனோ ஒரு சர்வேயர், முன்பின் பார்த்ததில்லை, அவன் வாயில் என் சாவி.

எனக்குக் கார் எதற்கு, சொல்லுங்கள். எனக்குக் கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது. செண்பகவல்லிக்குத்தான் முழங்கால் இரண்டும் போயிற்று. ஆட்டோவில் ஏற முடியாது, ஏறினால் இறங்க முடியாது, ஒரு தடவை தில்லைநகரில் ஆட்டோவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரனும் சேர்ந்து சிரித்துக் கடைசியில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். காரில் அப்படி இல்லை. இடது கதவை அகலத் திறந்து பிடிப்பேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள், அடுத்ததைத் தூக்கி வைப்பாள், புடவையை இழுத்துவிட்டு, "சாத்துங்க" என்பாள். சாத்துவேன். சாயங்காலமானால் முக்கொம்பு அணை வரைக்கும் போய் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், அவள் இறங்குவதில்லை, சுண்டல் மட்டும் ஜன்னல் வழியாக வரும். அந்தக் கதவுதான் இப்போது உள்ளே போயிருக்கிறது. அன்றைக்கு அவளும் வருவதாகத்தான் இருந்தது, கால் வீங்கியிருக்கிறது, நீங்களே போய் அந்தத் தைலத்தை வாங்கிட்டு வாங்க என்றாள். அவள் உட்காரும் இடத்தில் தைல பாட்டில் உட்கார்ந்திருந்தது. பாட்டில் உடையக்கூட இல்லை. இதை நினைத்தால் ஏதாவது ஆக வேண்டும் எனக்கு, வயிற்றில், நெஞ்சில், எங்கேயாவது. தேடிப் பார்க்கிறேன். நாற்காலி டக் என்கிறது.

"சார், வந்துட்டாரு" என்றார் அன்சாரி பாய். சர்வேயர் பெயர் ஜெரால்டு, சின்ன வயது, தோளில் பை, கழுத்தில் கைக்குட்டை. போனை எடுத்து முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், குனிந்து சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். சின்னப் பையன்கள் காசைத் தேய்த்து எடுப்பார்களே அப்படி. பிறகு இடது பக்கம் போனார். நானும் போனேன், வேறு வழியில்லை. கதவின் நடுவில் குழி, குழியிலிருந்து முன்பக்கம் வரைக்கும் கோடு, கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர். அவர் குனிந்து பார்த்தார், விரலை வைத்துப் பார்த்தார், நிமிர்ந்து பாயைப் பார்த்தார். "சிவப்பு வண்டி." "என்னது?" என்றேன். "உங்களை இடிச்சது சிவப்பு வண்டி சார். பாருங்க, பெயிண்ட் ஏறியிருக்கு, குழி பூரா. ஏதோ பிரைவேட் பஸ்ஸா இருக்கும். கவலைப்படாதீங்க, கிளெய்முல பிரச்சினை வராது, வேறே வண்டின்னு தெளிவாத் தெரியுது." அவ்வளவுதான். முடிந்துவிட்டது. சாவி என்னுடையது, பூங்கோதை ஞாயிற்றுக்கிழமை வந்தால் காப்பி குடித்துவிட்டுப் போகலாம். வாயைத் திறந்தால் போதும், சிவப்பு பஸ் நாக்கு நுனியில் ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருக்கிறது, படிக்கட்டில் நாலு பேர் தொங்குகிறார்கள், கண்டக்டர் விசில் ஊதுகிறான், ஒருத்தன் துண்டை வேறு அசைக்கிறான். ஆனால் வந்தது வேன். பச்சை.

அது என்ன சிவப்பு என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். அன்றைக்கு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினேன், செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பி வரும்போது சொம்பில் மஞ்சள் தண்ணீர், கையில் உப்பு மிளகாய், குங்குமச் சிமிழ், எலுமிச்சம்பழம். இன்சூரன்ஸ்காரன் போட்டோ கேட்பான் என்று எனக்கும் தோன்றவில்லை அவளுக்கும் தோன்றவில்லை. முதலில் கண்ணேறு கழிய வேண்டும். அடிபட்ட கதவை ஈரத் துணியால் துடைத்தாள், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் துடைப்பது மாதிரி. மஞ்சளைக் குழைத்துக் குழியில் அப்பி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி அழுத்தித் தேய்த்தாள். "எவன் கண்ணு பட்டுச்சோ, வெடிக்கட்டும்." நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, "முன்னால எடுங்க" என்றாள். நான் பின்னால் எடுத்தேன். "முன்னாலங்க, முன்னால!" பழம் நசுங்காமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. பரவாயில்லை, அவனும் இப்படி உருளட்டும் என்றாள். வெயிலில் காய்ந்து, காய்ந்து, குங்குமமும் மஞ்சளும் பெயிண்ட் மாதிரியே பிடித்துக்கொண்டது. இதுதான் ஜெரால்டு தம்பியின் பிரைவேட் பஸ்.

சிவப்பு என்றே இருந்துவிட்டுப் போகட்டும், கிழவா, உனக்கென்ன என்று உள்ளே ஒருத்தன் கேட்கிறான். இன்சூரன்ஸுக்கு நிறமா முக்கியம். மகளுக்கு நிறமா முக்கியம். யாருக்கும் முக்கியமில்லை, எனக்கு மட்டும்தான். ஏனென்றால் பால்காரனிடம் சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரரிடம் சொன்னது பொய்யென்று எனக்குத் தெரியும், முதலை, ஃபேன், எல்லாம் நானே செய்து நானே பெயிண்ட் அடித்த சரக்கு, எது எங்கே செய்தது என்று எனக்குக் கணக்கு உண்டு. பச்சை வேனை நான் செய்யவில்லை. அது தானாக வந்தது. அதுவும் நான் செய்ததுதான் என்றால், எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன் என்றால், அப்புறம் இந்தத் தலைக்குள் எவன் உட்கார்ந்திருக்கிறான். "தம்பி, அது பெயிண்ட் இல்லை. குங்குமம்." அவர் சிரித்தார். "சார், உங்களைப் பத்தி பாய் சொன்னாரு. நல்லாப் பேசுவீங்கன்னு. நான் நாள் பூரா இதைத்தான் பாக்குறேன், பெயிண்ட் தெரியாதா எனக்கு?" "குங்குமம் தம்பி. என் வீட்டம்மா பூசினது. இடிச்சது பச்சை வேன்." "பச்சைன்னா பச்சை எங்கே?" பாய் குறுக்கே வந்து, "சார், அவரே உங்களுக்குச் சாதகமா எழுதுறாரு, நீங்க ஏன் சார் கட்டையைப் போடுறீங்க?" என்றார். ஊரே எதிர்பார்த்த பொய்யை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நான் உண்மையை வைத்துக்கொண்டு விற்க முடியாமல் முழிக்கிறேன். என் வியாபார வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தேன். குனிந்தேன். ஈரம் கையில் தெரிகிறது என்று கண் சொல்கிறது, கை சொல்லவில்லை. தேய்த்தேன். முதலில் கைக்குட்டை சிவந்தது. "பாத்தீங்களா" என்றேன், ஜெரால்டு குனிந்தார். அப்புறம் மஞ்சள். தேய்த்தேன். மஞ்சளுக்குக் கீழே சாம்பல், என் காரின் சாம்பல். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. கம்பம்தான் போலிருக்கிறது, பூங்கோதை சொன்னது சரி, நான் எங்கேயோ தேய்த்துவிட்டு ஒரு வேனைச் செய்து அதற்குப் பச்சை அடித்து எனக்கே விற்றிருக்கிறேன் என்று நினைத்தேன், அப்போதுகூட, சொன்னால் நம்பமாட்டீர்கள், நெஞ்சு அடிக்கவில்லை, அந்தச் செய்தி வேறு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது போல நின்றுகொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தேன். குழியின் அடி மடிப்பில், குங்குமம் கெட்டியாக அடைத்திருந்த இடத்தில், நகத்தால் சுரண்டினேன். பச்சை. கிளிப்பச்சை. விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. "அட!" என்றார் பாய். ஜெரால்டு போனைக் கிட்டே கொண்டுவந்து நாலைந்து படம் எடுத்தார். "ஸாரி சார். பச்சைதான். நீங்க சொன்னது அப்படியே கரெக்ட்." எத்தனையோ வருஷமாக இந்த வாக்கியத்தை ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு துள்ளு துள்ளியிருக்க வேண்டாமா? கைக்குட்டையைப் பிழிந்தேன். சிவப்புத் தண்ணீர் செருப்பில் சொட்டியது.

"இடிச்ச உடனே என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார். சும்மா எழுதிக்கொள்ளத்தான் கேட்டார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நம்பர் பாத்தீங்களா? ஓரம் கட்டினீங்களா?" நான் என்ன செய்தேன். வேன் போனது. அதன் பின்கதவில் ஒரு தாழ்ப்பாள் ஆடிக்கொண்டே போனது, அது நன்றாகத் தெரிகிறது. அப்புறம் சிக்னல் பச்சையானது, அதுவும் தெரிகிறது. அப்புறம் மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. பின்னால் ஹாரன், ஒன்று, பல, ஒரு கல்யாண மண்டபமே பின்னால் நின்று வாசிக்கிற மாதிரி, எனக்கு அது எதற்கென்று தெரியவில்லை. என் முன்னால் வட்டமாக ஒன்று இருந்தது. அதை இரண்டு கை பிடித்துக்கொண்டிருந்தது. கீழே மூன்று இருந்தன, காலுக்கு. எதை அமுக்கினால் என்ன நடக்கும்? தெரியவில்லை. மறந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது, மறந்தால் மறந்தது தெரியும், அங்கே ஒரு பள்ளமாவது இருக்கும். பள்ளமே இல்லை, வழவழவென்று இருந்தது. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். "பெரியவரே, வண்டியை எடுங்க." அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், குரலை மாற்றிக்கொண்டார். "ஐயா, கிளட்ச்சை மிதிங்க. இடது காலு. இடது காலுய்யா. ம். இப்போ கியரு." ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பி, பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி கூடவே நடந்து வந்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் திரும்பி வந்தது, எங்கே போயிருந்தோம் என்று சொல்லாமல். "துரத்தினேன் தம்பி," என்றேன் ஜெரால்டிடம், "பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் துரத்தினேன். விட்டுட்டேன்." எழுதிக்கொண்டார்.

வேன் உண்மை. அதுதான் இவ்வளவு நாளாகக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது, வேன் உண்டா இல்லையா என்றே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், வேன் உண்டு, வேனுக்குப் பின்னால் நின்றது இது. அந்த மூன்றில் ஒன்றை நான் அமுக்கியிருந்தால்? முக்கொம்புக்குப் போகிற சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால். அவள் சுண்டலைப் பிரித்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, இடது பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டு வருவாள், நான் அவளைப் பார்த்துச் சிரிப்பேன், ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு. "கதவு டிங்கரிங், பெயிண்டிங், கண்ணாடி புதுசு. அவ்வளவுதான் சார்," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜெரால்டு போய்விட்டார். பாயை ஓரமாகக் கூப்பிட்டேன். "பாய், சேசிஸ் வளைஞ்சிருக்கு." "எந்தச் சேசிஸ்?" "இந்த வண்டியோடது." "யா அல்லா, கதவுல கீறல் சார். பட்டி போட்டு அடிச்சா நீங்க பேரன் கல்யாணத்துக்கு ஓட்டிட்டுப் போகலாம். வளைஞ்சிருக்குன்னு நான் சொன்னா என் ஷெட்டைப் பார்த்துச் சிரிப்பாங்க." "நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன். யாராவது கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. ரிப்பேர் முடிச்சு நல்ல ஆளாப் பாத்துக் கொடுத்துடுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஆட்டோக்காரர் பார்த்த மாதிரி. "சாவி?" என்றார். கொடுத்தேன். அது என் கையைவிட்டுப் போனதும் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செண்பகவல்லிக்கு போன் போட்டேன். "சர்வேயர் எழுதிட்டாரு. பச்சை வேன்தான்." "நான்தான் முதல்லயே சொன்னேனே" என்றாள், அவள் சொல்லவே இல்லை. "ஆனா ஒண்ணு. சேசிஸ் வளைஞ்சிருக்காம்." "சேசிஸ்னா?" "வண்டிக்கு முதுகெலும்பு." "நிமித்த முடியாதா?" "முடியாது. வித்துடணும். இனிமே அதுல உக்காரக் கூடாதாம், அதுலயும் இடது பக்கம் உக்காரவே கூடாதாம்." அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது. "என்னங்க," என்றாள். "ம்." "அப்போ முக்கொம்பு?" டாக்ஸி பிடிக்கலாம், அகலக் கதவு வைத்த டாக்ஸியெல்லாம் வந்திருக்கிறது, டிரைவரே இறங்கி வந்து சாத்துவான் என்றேன். "அவன் சாத்தி நான் உக்காரணுமா" என்றாள். பிறகு, "சரி. எனக்கு முழங்காலு போச்சு, அதுக்கு முதுகு போச்சு. வித்துத் தொலைங்க. அந்த வேன்காரன் நாசமாப் போக" என்றாள். போகட்டும், வாங்கிக்கொள்ளட்டும், கதவைத் தேய்த்ததற்கு ஒரு சாபம், மீதிக்கும் அவனே வாங்கிக்கொள்ளட்டும், நின்றிருந்தால் சாபத்தைத் தவணையிலாவது கொடுத்திருப்பேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வெயில் இருந்தது, நிழலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: சிக்னலில் எனக்கு நடந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து என் மகள் வந்து விசாரித்தால் சேசிஸ் வளைந்துவிட்டதாம் என்று சொல்லுங்கள், அது போதும். யார் சொன்னது என்று கேட்பாள், விடமாட்டாள். யாரோ சொன்னார்கள் என்று சொல்லுங்கள், டீக்கடையில் கேட்டேன் என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள், மாசிலாமணி சொன்னான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவள் நம்பமாட்டாள்.